பழைய மழையை வைத்துப் புதிய கணக்கு போட முடியாது

கேள்வி: "தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் படிக்கிறேன். 2023 டிசம்பரில் எங்கள் ஊர் வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த பருவத்தில் சுற்றுச்சூழல் கல்வி என்ற தாள் வந்தது. நன்றாகவே மதிப்பெண் வாங்கினேன். ஆனால் எங்கள் ஊரில் நடந்தது ஏன், இனி என்ன செய்வது என்பதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள மாணவர்களைத் தயார் செய்யப் பல்கலைக்கழகங்கள் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?"

பதில்:

குறை எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கேள்வியே காட்டிவிடுகிறது. ஊரில் ஒன்று நடந்தது, வகுப்பறையில் வேறொன்று நடந்தது, இரண்டும் சந்திக்கவே இல்லை. நான் நீர்வளப் பொறியியல் சொல்லிக்கொடுப்பவன். அதனால் என் பதில் தண்ணீரின் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஆனாலும் சொல்ல வருவது எல்லாத் துறைக்கும் பொருந்தும். காலநிலை மாற்றத்தைத் தனித் தாளாக ஒதுக்கி வைத்திருக்கும்வரை எந்தப் பல்கலைக்கழகமும் மாணவர்களைத் தயார் செய்ய முடியாது. ஒவ்வொரு துறையும் தன் அடிப்படைக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். பட்டம் வாங்கும் முன் ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஓர் ஊருக்கு, அந்த ஊர்க்காரர்களுக்குப் பயன்படும்படி, ஒரு வேலையை முடித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

முதலில் அந்தத் தாளைப் பற்றி. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பள்ளி முதல் கல்லூரி வரை சுற்றுச்சூழலைக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று சொன்னது. பத்தாண்டுக்கு மேல் இழுபட்டு, நீதிமன்றம் மறுபடியும் அழுத்தம் கொடுத்த பிறகே பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் ஆறு மாதப் பொதுப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. நோக்கம் நல்லது. அந்தத் திட்டத்திலேயே களப்பணி என்றொரு பகுதியும் இருந்தது. நடைமுறையில் என்ன ஆயிற்று என்பது உங்களுக்கே தெரியும். எந்த ஆசிரியருக்குப் பணிநேரம் குறைகிறதோ அவர் தலையில் அந்தத் தாள் விழுகிறது. பசுமைக்குடில் விளைவு என்றால் என்ன, ஓசோன் படலத்தில் ஓட்டை ஏன், அமில மழையின் தீமைகள் ஐந்து எழுதுக. தேர்வுக்கு முந்தைய வாரம் கைடு வாங்கிப் படித்தால் போதும். களப்பணி என்பது பக்கத்துப் பூங்காவில் எடுத்த நாலு புகைப்படம்.

அந்தத் தாளை எடுத்துவிடச் சொல்லவில்லை. வணிகவியல் மாணவருக்கும் வரலாறு மாணவருக்கும் கார்பன் சுழற்சி தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் அது ஒரு பொது அறிமுகம். பொறியாளர் வடிகால் கட்டுவதும், மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதும், வேளாண் அலுவலர் ரகம் பரிந்துரைப்பதும் அந்தத் தாளை வைத்து நடப்பதில்லை. அவரவர் துறையின் முக்கியப் பாடத்தில் கற்ற கணக்கை வைத்தே நடக்கிறது. அங்கே மாற்றம் வராவிட்டால் எங்கும் வராது.

என் துறையையே எடுத்துக்கொள்கிறேன். மழைநீர் வடிகாலின் அகலத்தையும் ஆழத்தையும் எப்படி முடிவு செய்கிறோம்? அந்தப் பகுதியின் பழைய மழைப் பதிவுகளை எடுக்கிறோம். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மழை, அப்படிப்பட்ட மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்று ஒரு வளைவு வரைகிறோம். ஐ.டி.எஃப். (மழையின் தீவிரம், நீடிக்கும் நேரம், நிகழும் இடைவெளி) வளைவு என்பது இதுதான். பொதுவாக நகர வடிகால்களை இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்குத்தான் திட்டமிடுகிறோம். அதற்கு மேல் கட்டுப்படியாகாது. இந்தக் கணக்கு முழுவதற்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: முன்பு எப்படிப் பெய்ததோ இனியும் அப்படியே பெய்யும். 2008-இல் நீரியல் அறிஞர்கள் சிலர் 'சயின்ஸ்' இதழில் இந்த நம்பிக்கை செத்துவிட்டது என்று எழுதினார்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. பெய்கிற நாளில் கொட்டித் தீர்ப்பதற்கான சரக்கு வானத்தில் கூடிவிட்டது.

உங்கள் மாவட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியே 70 செ.மீ.யைத் தொடாது. ஓராண்டு மழையைவிட அதிகமானது ஒரே நாளில் விழுந்தது. தாமிரபரணிக் கரையில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் துண்டிக்கப்பட்டன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றுவிட்டது. குளங்கள் உடைந்தன. எந்த ஐ.டி.எஃப். வளைவிலும் அந்த மழைக்கு இடமில்லை.

இதை வைத்து ஒரு சிவில் வகுப்பில் என்ன செய்யலாம்? மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரிக்கலாம். ஒரு குழு 1990 வரையிலான பதிவை மட்டும் வைத்து வளைவு வரையட்டும். இன்னொரு குழு நேற்று வரையிலான பதிவை வைத்து வரையட்டும். இரண்டும் எங்கே விலகுகின்றன, எங்கே விலகவில்லை என்று பார்க்கட்டும். பிறகு ஒரு கேள்வி கேட்க வேண்டும். இன்றைய பாடப்புத்தகங்களில் அது அநேகமாக இருப்பதில்லை: வடிகால் நிரம்பிய பிறகு தண்ணீர் எந்த வழியாகப் போகும்? எந்தத் தெருவில் ஓடினால் சேதம் குறைவு? எந்த விளையாட்டுத் திடலை இரண்டு நாள் மூழ்கவிடலாம்? எந்த மருத்துவமனைக்கு எந்தச் சாலை கடைசிவரை திறந்திருக்க வேண்டும்? எல்லா மழையையும் தாங்கும் கட்டுமானம் கிடையாது. ஆகவே தாங்க முடியாதபோது எப்படித் தோற்பது என்பதையும் திட்டமிடக் கற்க வேண்டும். இதற்குப் புதுத் தாள் வேண்டாம். இருக்கிற நீரியல் தாளில் மூன்று வாரம் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். எல்லா வெள்ளத்தையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிடும் பழக்கம் வந்துவிட்டது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்து சென்னை மூழ்கியதை எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். அந்த மழையை ஆராய்ந்த பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று, அதில் புவி வெப்பமாதலின் தடத்தைக் காண முடியவில்லை என்றது. வங்கக் கடலின் மேற்குப் பகுதி அதுவரை பெரிதாகச் சூடாகாதது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அப்படியானால் சென்னை ஏன் மூழ்கியது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. அடையாற்றுக் கரை வீடுகளாக மாறியிருந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. நான்கே ஆண்டில், 2019 கோடையில், அதே நகரத்தின் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. ஆண்டுக்கு 140 செ.மீ. அளவுக்கு மழை பெறும் ஊர் அது.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த மாணவரைத்தான் தயாரான மாணவர் என்பேன். "வானம் மாறிவிட்டது, நாம் என்ன செய்ய முடியும்" என்று ஓர் அதிகாரி கைவிரிக்கும்போது, "வானம் மாறியது இவ்வளவு, நீங்கள் தரையில் மாற்றியது இவ்வளவு" என்று கணக்கெழுதிய தாளை எடுத்து வைக்கத் தெரிய வேண்டும். வானமே மாறவில்லை என்று ஒருவர் சாதிக்கும்போதும் அதே தாள் பேச வேண்டும். எண்ணைக் கையாளும் இந்த நேர்மையை வகுப்பறையில் பழக்காவிட்டால் வெளியே யாரும் பழக்கப் போவதில்லை.

மருத்துவக் கல்வி இதைவிடப் பின்தங்கியிருக்கிறது, இதைவிட அவசரமானதும்கூட. தூத்துக்குடி என்றால் உப்பளம். மார்ச் முதல் வெயிலில், நிழல் இல்லாத வெள்ளைப் பரப்பில், கண் கூசக் கூச வேலை செய்யும் பெண்களை நீங்கள் தினமும் பேருந்தில் பார்த்திருப்பீர்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக உப்பளத் தொழிலாளர்களின் உடல் வெப்பம், நீரிழப்பு, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றை அளந்துவருகிறார்கள். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த அவர்களுடைய ஆய்வு 2024-இல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்று அது கண்டது. உலகமே எடுத்துப் பேசிய ஆய்வு. நம் மருத்துவ, செவிலியர் மாணவர்களில் எத்தனை பேருக்கு அது வகுப்பில் சொல்லப்பட்டிருக்கும்?

அதே 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. ஆனால் அந்தச் சாவு வெப்பத்தால்தான் என்று ஒரு மருத்துவர் எழுத வேண்டும். மாரடைப்பு என்றும் இயற்கை மரணம் என்றும் பதிவேட்டில் போய்விட்டால் குடும்பத்துக்குப் பணமும் இல்லை, மாவட்டத்துக்குப் புள்ளிவிவரமும் இல்லை. ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு முதல் பணிக்குப் போகும் இளம் மருத்துவர், பிற்பகல் மூன்று மணிக்கு மயங்கி வந்த கட்டடத் தொழிலாளியிடம் எங்கே வேலை செய்தாய், எவ்வளவு நேரம், கடைசியாகச் சிறுநீர் எப்போது போனாய் என்று கேட்கப் பழகியிருக்க வேண்டும். வெப்பமானி காட்டும் எண்ணோடு ஈரப்பதத்தையும் வெயிலின் நேரடித் தாக்கத்தையும் சேர்த்து அளக்கும் கருவியை ஒருமுறையாவது கையில் பிடித்திருக்க வேண்டும். கடலோரத்தில் 36 டிகிரியே ஆளைச் சாய்க்கும், உள்மாவட்டத்தில் 40 டிகிரியைத் தாங்கலாம் என்பது அப்போதுதான் உறைக்கும். கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள் என்பது சமூகப்பணி மாணவருக்கும் தெரிய வேண்டிய மருத்துவச் செய்தி.

வேளாண்மையில் நிலைமை கொஞ்சம் மேல். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிர்த் தட்பவெப்ப ஆய்வு நெடுங்காலமாக நடக்கிறது. வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கியும் பிழைக்கும் சி.ஆர்.1009 சப் 1 நெல்லை டெல்டா விவசாயிகள் அறிவார்கள். அந்தத் தாங்கும் மரபணு ஒடிசாவின் நாட்டு ரகம் ஒன்றிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. நாட்டு ரகங்களை ஏன் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஆனால் தொழில்நுட்பத்தோடு பாடம் முடிந்துவிடுகிறது. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். தண்ணீர் மிச்சமாகும், நீர் தேங்கிய வயலிலிருந்து எழுந்து புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் கணிசமாகக் குறையும். ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர் செய்துவிடலாம். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து வாங்குபவர், அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாமல் எந்த நம்பிக்கையில் வயலைக் காயவிடுவார்? இது பாசன நிர்வாகக் கேள்வி. பொருளியல், பொது நிர்வாகம், வேளாண்மை மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் விடை வரும். பல்கலைக்கழகத்தில் அந்த மேசை இல்லை. துறைக்குத் துறை மதில்தான் இருக்கிறது.

வணிகவியல் மாணவர்கள் இது தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைக்கிறார்கள். வேலைச் சந்தை அப்படி நினைக்கவில்லை. பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் இடத்தில் உள்ள நிறுவனங்கள் தங்கள் எரிசக்தி, நீர், உமிழ்வுக் கணக்கை ஆண்டறிக்கையோடு வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2022–23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் வரும் உருக்கு, அலுமினியம், சிமென்ட் போன்றவற்றுக்கு கார்பன் கட்டணம் வகுத்திருக்கிறது. திருப்பூரில் பின்னலாடை வாங்க வரும் வெளிநாட்டு நிறுவனங்கள் சாயப்பட்டறையின் தண்ணீர்க் கணக்கையும் மின்சாரக் கணக்கையும் கேட்கின்றன. இந்தக் கணக்கை எழுதவும் சரிபார்க்கவும் ஆள் வேண்டும். வரவு செலவு எழுதத் தெரிந்த பி.காம். மாணவருக்கு ஒரு தொழிற்சாலையின் டீசல் ரசீதுகளிலிருந்து கார்பன் டை ஆக்சைடு டன் கணக்கு போடக் கற்றுக்கொடுக்க ஒரு பருவம்கூட வேண்டாம். சட்ட மாணவர்களுக்கும் அப்படியே. காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் கானமயில் என்ற அருகிவரும் பறவையைக் காப்பது பற்றிய வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வாசகத்தை வைத்து அடுத்த முப்பது ஆண்டு வாதாடப் போவது இன்று முதலாண்டு படிப்பவர்கள்தான்.

இனி இரண்டாவது பாதி, ஊருக்கு ஒரு வேலை.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் இருக்கிறது. ஒரு மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்கிறார். ஏழு நாள் முகாம் போகிறார். பெரும்பாலும் கோயில் வளாகம் கூட்டுகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், பேரணி போகிறார்கள். அந்தக் கன்றுக்கு மே மாதம் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மணிநேரம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, அரசு நிதி இருக்கிறது, ஊரும் இடம் கொடுக்கிறது. வேலைதான் சரியாகக் கொடுக்கப்படவில்லை.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் இருக்கின்றன. ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போகும் சங்கிலியாக வெட்டப்பட்டவை. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நம்மிடம் உள்ள பெரிய காப்பு இவைதான். ஒவ்வொரு கல்லூரியும் தன்னைச் சுற்றியுள்ள ஒரு சங்கிலியைத் தத்தெடுக்கலாம். முதலாண்டு மாணவர்கள் வரத்துக்கால் எங்கே தொடங்கி எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பார்த்து வரைபடம் போடட்டும். புவியியல் துறை செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடட்டும். இயற்பியல் துறை மழைமானி வைக்கட்டும். தாவரவியல் துறை கரையில் சீமைக்கருவேலம் எவ்வளவு என்று எண்ணட்டும். தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் ஊரின் நீர்பாய்ச்சி, மடை திறந்துவிட்ட பெரியவர், கலிங்கல் (உபரிநீர் வெளியேறும் வழி) வழிந்த ஆண்டுகளை நினைவில் வைத்திருக்கும் பாட்டி ஆகியோரிடம் உட்கார்ந்து எழுதட்டும். அந்தப் பாட்டி சொல்லும் ஆண்டை மழைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கும்போது எண்ணும் நினைவும் ஒன்றை ஒன்று திருத்தும். அதைப்போன்ற வகுப்பு வேறில்லை.

முக்கியமானது, இது ஒரு முகாமோடு முடியக்கூடாது. இந்த ஆண்டு மாணவர் எழுதிய கோப்பு அடுத்த ஆண்டு மாணவரிடம் போக வேண்டும். பத்தாண்டு தொடர்ந்தால் அந்தக் கோப்பு மாவட்ட நிர்வாகத்திடமே இல்லாத ஆவணமாகிவிடும்.

தொடர்ந்து ஒரே இடத்தைப் பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. கடலூர் மாவட்டம் பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு அழிந்துகொண்டிருந்தபோது மாடு மேய்ப்பவர்களையும் விறகு வெட்டுபவர்களையும் குற்றம் சொன்னார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தினர் வனத்துறையோடு சேர்ந்து களத்தில் பார்த்தபோது உண்மை வேறாக இருந்தது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து கூப்புகளாக, அதாவது வெட்டுப் பகுதிகளாக, பிரித்து மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் மண் அமிழ்ந்து குழியாகியிருந்தது. ஏறி வரும் கடல்நீர் இறங்காமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறிச் செடி முளைக்காமல் போயிருந்தது. மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வர, போக விட்டதும் காடு திரும்பியது. காரணத்தைச் சரியாகக் கண்டதால் மருந்து எளிதாயிற்று.

அருகிலேயே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அங்கிருந்து 18 குக்கிராமங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு உயிரைக் காத்தது என்று ஓர் ஆய்வு வெளிவந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதே எண்களை எடுத்து, கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்று மறுத்தார்கள். இந்த விவாதத்தை நம் முதுநிலை வகுப்புகளில் முழுதாக நடத்த வேண்டும் என்பது என் ஆசை. நம் ஊர், நம் எண்கள், உலகம் கவனித்த வாதம். காடு வேண்டும் என்று விரும்புகிறவர்களும் சான்றைக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்பதை மாணவர் அங்கே கற்பார்.

செய்த வேலை தமிழில் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் விதியாக்க வேண்டும். ஆங்கிலத்தில் நூறு பக்கத் திட்ட அறிக்கை நூலக அலமாரியில் தூங்குகிறது. அதோடு கூட, ஊராட்சித் தலைவர் படித்து முடிவெடுக்கக்கூடிய இரண்டு பக்கத் தமிழ் அறிக்கையும் கிராம சபையில் பத்து நிமிட விளக்கமும் மதிப்பெண்ணில் சேரட்டும். கேள்வி கேட்பது தேர்வாளராக இருக்காது, நிலம் மூழ்கியவராக இருப்பார். அங்கே மழுப்ப முடியாது.

இதையெல்லாம் யார் கற்பிப்பது? பெரிய தடை இதுதான். குறைந்த ஊதியத்தில் கௌரவ விரிவுரையாளர்களாக நிற்பவர்கள்மேல் இன்னொரு சுமையை ஏற்ற மனம் வரவில்லை. நிரந்தரப் பேராசிரியர்களுக்கோ பதவி உயர்வு வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையால் வருகிறது. ஒரு கண்மாயைப் பத்தாண்டு பார்த்ததற்கு எந்தப் புள்ளியும் கிடையாது. இதைப் பல்கலைக்கழகம் மாற்றாமல் மாணவரிடம் மட்டும் ஆர்வத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கோடை விடுமுறையில் துறைவாரியாக ஆசிரியர்களுக்கே பயிற்சி வேண்டும்: நீரியல் ஆசிரியருக்குப் புதிய மழைக் கணக்கு, செவிலியர் ஆசிரியருக்கு வெப்பநோய், வணிகவியல் ஆசிரியருக்கு உமிழ்வுக் கணக்கு. பொதுவாக ஒரு நாள் கருத்தரங்கம் வைத்துச் சான்றிதழ் கொடுப்பதால் ஒன்றும் நடக்காது.

வெளிநாடுகளில் சில இடங்களில் கட்டாயப் பாடம் வந்திருக்கிறது. 2022-இல் பார்சிலோனா பல்கலைக்கழக மாணவர்கள் கட்டடத்தில் அமர்ந்து போராடியதன் விளைவாக எல்லா மாணவர்களுக்கும் காலநிலைப் பாடத்தைக் கட்டாயமாக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம் 2024-இல் சேர்ந்தவர்கள் முதல் காலநிலை சார்ந்த ஒரு பாடமாவது படித்திருக்க வேண்டும் என்கிறது. அங்கே ஒரு நல்ல ஏற்பாடு, பல துறைகளின் பாடங்களிலிருந்து மாணவரே தேர்ந்துகொள்ளலாம். நாம் 1991-லேயே கட்டாயம் என்று சொன்னவர்கள். கட்டாயமாக்குவது மட்டும் போதாது என்பதை அவர்களுக்கு நம் அனுபவம் சொல்லும்.

கல்லூரி வளாகத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. விடுதிக் குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது, மாதம் எத்தனை யூனிட் மின்சாரம், மெஸ்ஸில் எவ்வளவு சோறு குப்பைக்குப் போகிறது என்ற கணக்கை மாணவர்களிடம் திறந்து காட்டாத நிர்வாகம், கூரையில் சோலார் தகடு வைத்துப் படம் எடுத்துக்கொள்வதில் பயனில்லை.

மாணவர்களின் மனத்தையும் சொல்ல வேண்டும். 2021-இல் இந்தியா உட்படப் பத்து நாடுகளில் பத்தாயிரம் இளைஞர்களிடம் எடுத்த கணிப்பில் 59 சதவீதம் பேர் காலநிலை மாற்றத்தால் மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். அழிவின் படங்களை மட்டும் காட்டும் வகுப்பு அந்தக் கவலையைக் கூட்டும். ஒரு வரத்துக்காலின் அடைப்பை நீக்கி, அடுத்த மழையில் நீர் குளத்துக்குள் இறங்குவதைப் பார்த்த மாணவர்கள் வேறு மாதிரி பேசுவதை நான் கண்டிருக்கிறேன். கவலை போகவில்லை, ஆனால் அது அவர்களை முடக்கவில்லை.

உங்களுக்கு இப்போதே செய்யக்கூடியவை சில. உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழு அங்கேயே இருக்கிறது. அதில் முன்னாள் மாணவர் ஒருவரும் உறுப்பினர். 'காலநிலையைச் சேர்க்க வேண்டும்' என்று பொதுவாக மனு கொடுக்காதீர்கள். எந்தத் தாள், எந்த அலகு, எதை எடுத்துவிட்டு எதை வைப்பது என்று எழுதிக் கொடுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் மாவட்டங்களுக்கு இளம் ஆய்வாளர்களை நியமித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் களத் தரவு தேவைப்படுகிறது, உங்களுக்கு வழிகாட்டுதல் தேவைப்படுகிறது. தகுதி இருந்தால் பின்னாளில் நீங்களே அந்தப் பணிக்கு விண்ணப்பிக்கவும் செய்யலாம்.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இன்னும் தலைப்பு எடுக்கவில்லை என்றால், உங்கள் ஊரில் 2023-இல் உடைந்த அல்லது வழிந்த ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் புள்ளியியல் கையேட்டில் ஆண்டுவாரியான மழையளவு இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்பட நகல் கேளுங்கள். அன்றிரவு தண்ணீர் எந்தத் திசையிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தச் சுவரின் எந்த உயரம் வரை வந்தது என்று வீடு வீடாகக் கேட்டுக் குறியுங்கள். அந்தக் கறைகள் இன்னும் சில சுவர்களில் இருக்கும். வெள்ளையடித்துவிட்டால் போய்விடும், எனவே அதை முதலில் செய்யுங்கள்.